ஐந்து நளன்கள்

விதர்ப்ப நாட்டு அரசகுமாரி தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்தைக் கவிகள் காதலின் மாட்சிக்கு உதாரணமாக எடுத்தாண்டிருக்கிறார்கள். விஞ்ஞானம் எழுதப் புகுந்த நானோ அதை அடையாளச் சோதனையின் முதற்பாடமாகவே எப்பொழுதும் படித்து வந்திருக்கிறேன். இந்திரனும் அக்கினியும் யமனும் வருணனும் அவள் மனத்தில் வரித்திருந்த நளனுடைய வடிவத்தைத் தாங்கி அவனருகிலேயே வரிசையாக அமர்ந்துவிட, மாலையேந்தி வந்தவளுக்கு முன்னால் முகத்திலும் நிறத்திலும் அணியிலும் அணுவளவும் வேறுபாடில்லாத ஐந்து நளன்கள் இருந்தார்கள். "உங்களில் நளன் யார்?" என்று அவள் கேட்டிருந்தால் ஐவரும் "நானே" என்றிருப்பார்கள், தகப்பன் பெயரையும் தேசத்தையும் கேட்டிருந்தாலும், தேவர்கள் அறியாத செய்தி ஏதுமில்லையாகையால், ஐந்து விடைகளும் ஒன்றாகவே வந்திருக்கும். ஆகவே அவள் ஒன்றும் கேட்கவில்லை. கண் இமைக்கிறதா, கால் நிலத்தில் படிகிறதா, சூடிய மாலை வாடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்; இம்மூன்றும் தேவர்களுக்கு இல்லை.

அவள் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விகளையே இன்று வங்கிகளும் தொலைபேசிக் கம்பெனிகளும் சர்க்கார் காரியாலயங்களும் நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன. முழுப் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, தாயாரின் பெயர் என்ன, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சரியான விடை சொன்னவனுக்கு மாலையைச் சூட்டிவிடுகிறார்கள். விடை சொன்னவன் நளன்தானா என்பது பிறகு, பெரும்பாலும் அசல் நளனுடைய செலவில், தெரிய வருகிறது.

பழைய சட்டநூல்கள் ஆள்மாறாட்டம் என்று சொல்லிவந்த இக்குற்றத்துக்கு இக்காலத்தவர் அடையாளத் திருட்டு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். திருட்டு என்ற சொல் இதற்கு முழுவதும் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கைக்கடிகாரம் களவு போனால் மணிக்கட்டு வெறுமையாகிவிடும். உடையவன் உடனே அறிவான். பெயரும் எண்ணும் களவு போனாலோ அவை உடையவனிடத்திலும் முன்போலவே இருக்கின்றன, கள்வனிடத்திலும் இருக்கின்றன. வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு ஒருவர் வாசற்படி ஏறும் வரையில், தன் பெயரில் இன்னொருவன் உலவுகிறான் என்ற செய்தியே உரியவனுக்கு எட்டுவதில்லை.

இந்தத் தொல்லைக்கு விஞ்ஞானம் கண்ட மருந்துகளில் பிரசித்தமான ஒன்று நம் தேசத்திலேயே பிறந்தது. 1858-ஆம் ஆண்டில் வங்காளத்து ஜங்கிப்பூரில் அதிகாரியாயிருந்த வில்லியம் ஹெர்ஷல், யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வானசாஸ்திரியின் பேரர், சாலை போடச் சரளை தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவர் பின்னால் "இது என் கையெழுத்தன்று" என்று மறுத்துவிடக் கூடாதே என்று, அவருடைய உள்ளங்கையில் மையைத் தடவி ஒப்பந்தப் பத்திரத்தின் பின்புறத்தில் பதிய வைத்தார். சற்று அச்சமூட்டி வைப்போம் என்று செய்த அந்தக் காரியமே அவருக்கு ஆயுட்கால ஆராய்ச்சியாக வளர்ந்தது. ஆண்டுகள் பல கழிந்தும் விரல்ரேகை மாறுவதில்லை என்பதைத் தம்முடைய விரல்களையே திரும்பத் திரும்பப் பதித்துக் கண்டார். 1877-இல் ஹூக்ளி ஜில்லாவில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பென்ஷன் வாங்குவோரிடம் விரல்ரேகை பெறும் ஏற்பாட்டைத் தொடங்கினார். மனிதர் போன பிறகும் அவர் பென்ஷன் மட்டும் போகாமல், அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் வேறொருவர் கையில் போய்ச் சேரும் உபாயத்தை அடைப்பதே நோக்கம். பிறகு 1897-இல் கல்கத்தாவில் ரேகை நிலையம் ஏற்பட்டதும், ரேகைகளை 1,024 அறைகளாக வகுத்தடுக்கும் முறையை அஜிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்திய உத்தியோகஸ்தர்கள் உழைத்து உருவாக்கியதும், அதற்கு அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரே உலகெங்கும் வழங்கிவிட்டதும் தனிக் கதை. பெயர் பறிபோவதைப் பற்றிய அத்தியாயத்தில் அதையும் ஒரு வரி குறித்து வைப்பது அநியாயமாகாது.

ஹெர்ஷலின் ஏற்பாட்டில் ஒரு நுட்பத்தை வாசகர் கவனித்துக்கொள்ள வேண்டும். ரேகை பதிந்த விரல் கையோடும், கை ஆளோடும் இணைந்து, அதிகாரியின் கண்ணெதிரே நின்றது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம்.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசாங்கம், தொழிலாளர்களின் முதுமைக்கால உதவித்தொகைக் கணக்கை வைப்பதற்காக, ஆளுக்கு ஒன்பது இலக்க எண் ஒன்றை வழங்கத் தொடங்கிற்று. எண் அச்சிட்ட சிறு அட்டையை அனைவரும் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தமையால், 1938-இல் நியூயார்க் ராஜ்யத்து லாக்போர்ட் நகரத்துப் பணப்பைக் கம்பெனி ஒன்று, தன் பையில் அவ்வட்டை எவ்வளவு பாந்தமாகப் பொருந்துகிறது என்று காட்டுவதற்காக, மாதிரி அட்டை ஒன்றை அச்சிட்டு ஒவ்வொரு பையிலும் செருகி விற்பனைக்கு அனுப்பிற்று. கற்பனையாக ஓர் எண்ணைப் போட்டிருக்கலாம். கம்பெனியின் உபதலைவருக்கு என்ன தோன்றியதோ, தம் காரியதரிசி அம்மாளின் உண்மையான எண்ணையே போட்டுவிட்டார். அட்டை அசலில் பாதி அளவே இருந்தது; முழுவதும் சிவப்பு மையில் அச்சாகியிருந்தது; குறுக்கே 'மாதிரி' என்ற சொல்லும் இருந்தது. இத்தனையும் இருந்தும், உல்வொர்த் கடைகளில் அந்தப் பையை வாங்கியவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் தங்களுக்கு வந்த எண் என்றே எடுத்துக்கொண்டார்கள். 1943-இல் 5,755 பேர் அந்த ஒரே எண்ணின் கீழ் உழைத்துக்கொண்டிருந்தார்கள். காலப்போக்கில் 40,000-க்கு மேற்பட்டவர்கள் அதைத் தம் எண்ணாகச் சொல்லியிருக்கிறார்கள். 1977-இல் கூட அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பன்னிருவர். அரசாங்கம் அவ்வெண்ணை ரத்துச் செய்து, அம்மாளுக்குப் புது எண் வழங்க வேண்டியதாயிற்று.

இவர்களில் ஒருவரையும் கள்வர் என்று சொல்வதற்கில்லை. அந்நாளில் அந்த எண்ணால் பெருங்கேடும் விளையவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் பெயராக மட்டுமே அது இருந்தது. 1946 முதல் அட்டையின் அடியிலேயே 'அடையாளத்துக்கானதன்று' என்ற எச்சரிக்கையை அச்சிட்டார்கள். அதை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. 1972-இல் அந்த வாசகத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்குள் வங்கியும் கல்லூரியும் வைத்தியசாலையும் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தன. அம்மட்டோடு நின்றிருந்தாலும் தோஷமில்லை. "இந்த எண்ணை அறிந்தவன் எவனோ அவனே எண்ணுக்குரியவன்" என்று அவை தீர்மானித்தன பாருங்கள், அங்கேதான் விபரீதம் புகுந்தது.

பெயர் என்பது பலரும் அறிவதற்காக ஏற்பட்டது. எத்தனை பேர் அறிகிறார்களோ அத்தனைக்கு அதன் பிரயோஜனம் பெருகும். சாவி என்பது ஒருவரிடம் மட்டும் இருப்பதற்காக ஏற்பட்டது. இரண்டாமவர் கைக்குப் போனதுமே அது கெட்டது. ஒரே பொருளைப் பெயராகவும் சாவியாகவும் வைத்துக்கொள்வது, வாசலில் எழுதிய கதவிலக்கத்தைச் சொன்னால் திறந்துகொள்ளும் பூட்டைத் தெருக்கதவுக்குப் போட்டுக்கொண்டு வெளியூர் போவதற்கு ஒப்பாகும். அடையாளத் திருட்டைப் பற்றி இந்நாளில் சொல்லப்படும் எண்ணற்ற எச்சரிக்கைகளை எல்லாம் காய்ச்சி வடித்தால் இந்த ஒரு குழப்பமே அடியில் தங்கும் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் இக்குழப்பத்தின் பலன் பிற்காலத்தில் வெளிப்பட்டது. அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் இடத்தையும், பின்வருவன வழங்கிய வரிசையையும் ஒட்டி அமைந்திருந்தன. 1980-களின் பிற்பகுதியிலிருந்து பிறந்தவுடனேயே எண் வழங்கும் வழக்கமும் பரவவே, ஊரும் பிறந்த தேதியும் தெரிந்தால் எண்ணை ஊகித்துவிடலாம் என்ற நிலை உண்டாயிற்று. 2009-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களான அலெசாந்த்ரோ அக்விஸ்டியும் ரால்ப் கிராஸும், இறந்தோர் பதிவேட்டை வைத்துச் சோதித்து, 1988-க்குப் பின் பிறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருடைய முதல் ஐந்து இலக்கங்களை முதல் முயற்சியிலேயே சொல்லிக் காட்டினார்கள். 2011-இல் அரசாங்கம் எண்களை வரிசையின்றிச் சிதறலாக வழங்கத் தொடங்கியது. ஆனால் 2017-இல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன்தகவல் கம்பெனியின் கணினிகளில், மார்ச் மாதத்திலேயே பரிகாரம் வெளியாகியிருந்த ஓர் ஓட்டையை அடைக்காமல் விட்டதால், ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேருடைய பெயரும் பிறந்த தேதியும் எண்ணும் களவு போயின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கம்பெனியோடு ஒரு நாளும் வியவகாரம் வைத்துக்கொண்டவர்கள் அல்லர். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருந்தாலும் அவர்களால் அதைத் தடுத்திருக்க முடியாது.

நம் நாட்டில் 2010-இல் வழங்கத் தொடங்கிய ஆதார் எண்ணில் இந்த ஊகத்துக்கு இடமில்லை. பன்னிரண்டு இலக்கங்களில் ஊரோ தேதியோ ஒளிந்திருக்கவில்லை. கடைசி இலக்கம் மட்டும் மற்றப் பதினொன்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. 1969-இல் ஹாலந்து தேசத்துக் கணித சாஸ்திரி யாக்கோபஸ் வெர்ஹூஃப் வகுத்த அம்முறை, ஐங்கோணம் ஒன்றைத் திருப்பிப் பிறகு கவிழ்ப்பதும், கவிழ்த்துப் பிறகு திருப்புவதும் வெவ்வேறு நிலைகளில் முடியும் என்ற உண்மையைக் கருவியாகக் கொண்டது. வரிசை மாறினால் விடையும் மாறுவதால், எழுதும்போது ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கணினி உடனே கண்டுகொள்கிறது. இது எழுத்துப் பிழையைப் பிடிக்கும் காவலன். முழு எண்ணையும் வைத்திருக்கும் வேஷக்காரன் இதன் முன்னால் நிமிர்ந்தே நடந்து போகலாம்.

கதவிலக்கத்தைச் சாவியாக்கும் அமெரிக்கப் பழக்கமும் இங்கு வராமலில்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் ஆதார்க் கோப்புக்குத் திறவுசொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துக்களும் பிறந்த வருஷமுமே. இவ்விரண்டையும் அறியாத உறவினரோ, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லாத சிநேகிதரோ யாருக்காவது உண்டா? பேப்பரில் அகப்படுவதையோ சொல்ல வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு மாலை நேரத்தில் நான் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, அது முன்பின் அறியாத ஓர் அம்மாளின் கடன் விண்ணப்பத்தோடு இணைத்த குடும்ப அட்டையின் ஜெராக்ஸ் பிரதியாக இருந்தது. புகைப்படத்தின் மேல் உப்பு ஒட்டியிருந்தது. கடலை தீர்ந்த பின்னும் அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

ஆகையால், கொடுக்கும் பிரதி திரும்ப நம் கைக்கு வராது என்று கருதியே கொடுக்க வேண்டும். எந்தக் காரியத்துக்காக, எந்தத் தேதியில், யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைப் பிரதியின் குறுக்கே, படத்தின் ஓரமும் எழுத்தும் படும்படி எழுதிக் கையெழுத்திட்டால், அதே தாளை வேறு காரியத்துக்கு ஓட்டுவது கடினம். முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதார்ப் பிரதியையும், வேண்டும்போது மாற்றிக்கொள்ளத்தக்க பதினாறு இலக்க மாற்று எண்ணையும் ஆதார் ஆணையமே வழங்குகிறது. இவற்றைக் கேட்டு வாங்குவோர் சிலரே. கொடுத்தால் ஏற்க மறுக்கும் காரியாலயங்கள் பல.

இனி ஹெர்ஷலின் விரலுக்குத் திரும்புவோம். விரல்ரேகை களவு போகாது, ஆகையால் அதுவே உத்தமமான சாவி என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. உண்மையில், தண்ணீர் குடித்து வைக்கும் டம்ளர் ஒவ்வொன்றின் மேலும் நாம் நம்முடைய ரேகையை எழுதிவிட்டே எழுந்திருக்கிறோம். 2002-இல் யோகஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் ட்சுடோமு மட்சுமோட்டோவும் அவர் குழுவினரும், தின்பண்டங்களில் சேரும் ஜெலட்டினை வார்த்துச் செய்த போலி விரல்களைக் கொண்டு, தாங்கள் சோதித்த பதினொரு வகை ரேகைக் கருவிகளையும் ஏமாற்றிக் காட்டினார்கள். 2018-இல் தெலங்கானாவில் ஒருவன், பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கிடைத்த கிரயப் பத்திரங்களிலிருந்து கட்டைவிரல் பதிவுகளை எடுத்து, ரப்பர் முத்திரை செய்யும் இயந்திரத்தில் போலி ரேகைகளைத் தயாரித்து, அவற்றைக் கொண்டு ஆயிரக்கணக்கான சிம் அட்டைகளுக்கு உயிர் கொடுத்தது வெளிப்பட்டது. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்காகவே பத்திரங்களில் படத்தையும் ரேகையையும் கட்டாயமாக்கி 2001-இல் பதிவுச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. ஹூக்ளியில் விரலுக்குப் பின்னால் ஆள் நின்றார். இங்கே விரல் மட்டும் தனியே நடமாடிற்று. மேலும், திறவுசொல் வெளிப்பட்டால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். பத்து விரலும் வெளிப்பட்டவன் பதினோராவது விரலுக்கு எங்கே போவான்? ஆதார் ஆணையத்தின் செயலி வழியாகவோ இணையதளத்திலோ ரேகையையும் கருவிழியையும் பூட்டி வைத்து, தேவைப்படும் நிமிஷத்தில் மட்டும் திறந்துகொள்ளும் வசதி இருக்கிறது. ஆதார் எண்ணையும் ரேகையையும் மட்டும் கொண்டு கணக்கிலிருந்து பணம் எடுக்கும் ஏற்பாடு நடைமுறையிலுள்ள நாட்டில், இந்தப் பூட்டைப் போட்டுக்கொள்ளாதிருப்பது அசட்டுத் துணிச்சல்.

அப்படியானால் மெய்யான சாவி எப்படி இருக்கும்? கைப்பேசிக்குள் கிடக்கும் சிம் அட்டையே அதற்கு நல்ல திருஷ்டாந்தம். அதற்குள் 128 இரும இலக்கங்களாலான ரகசிய எண் ஒன்று இருக்கிறது. அதன் சாத்தியமான வடிவங்களைக் கணக்கிட்டால் விடையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். இவ்வெண் கம்பெனியின் கணினியிலும் அட்டையிலும் மட்டுமே உள்ளது. ஒருபொழுதும் வான்வழியே பயணம் செய்வதில்லை. அட்டை தன்னை நிரூபிக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் கம்பெனி முன்பின் கேட்டிராத புதுக் கேள்வியாக ஓர் எண்ணை அனுப்புகிறது. அட்டை அதைத் தன் ரகசியத்தோடு கலந்து, கலவையின் சுருக்கத்தை மட்டும் விடையாக அனுப்புகிறது. நடுவில் நின்று ஒட்டுக்கேட்பவனுக்குக் கேள்வியும் விடையும் கிடைத்தாலும் ரகசியம் கிடைக்காது. அடுத்த முறை கேள்வியே வேறாகிவிடும். ரகசியத்தைச் சொல்லாமலேயே ரகசியம் தன்னிடம் உண்டென்று நிரூபிக்கும் இந்த உபாயம் மனித புத்தியின் அழகான படைப்புகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

இவ்வளவு அழகான கோட்டைக்கும் ஒரு திட்டிவாசல் இருக்கிறது. "அட்டை தொலைந்துவிட்டது, அதே எண்ணுக்கு வேறு தாருங்கள்" என்று கடை மேஜையில் ஒருவன் வந்து நிற்கும்போது, மேஜைக்குப் பின்னாலிருக்கும் சிப்பந்தி பெயரையும் தேதியையும் ஜெராக்ஸையுமே பார்க்கிறார். அவர் ஏமாந்த கணத்தில் உரியவரின் கைப்பேசி ஊமையாகி, வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அனைத்தும் வேஷக்காரன் கைக்குப் போகின்றன. காரணமின்றிக் கைப்பேசியில் சிக்னல் மறைந்து நெடுநேரம் திரும்பாவிட்டால், பக்கத்தில் இருப்பவர் பேசியிலிருந்து உடனே கம்பெனிக்கும் வங்கிக்கும் சொல்லிவிடுவது உசிதம். அந்த ஓ.டி.பி.யை உரியவர் வாயிலிருந்தே கெஞ்சியோ மிரட்டியோ வாங்கிவிடும் வித்தையைப் பற்றி நாளிதழ்கள் தினமும் எழுதுவதால் இங்கே விரிக்கவில்லை.

களவு போனதை விரைவில் அறிந்துகொள்வதற்கும் வழிகள் உண்டு. நம் பெயரில் எத்தனை கைப்பேசி எண்கள் இருக்கின்றன என்பதை மத்திய சர்க்காரின் சஞ்சார் சாத்தி தளம் காட்டுகிறது. கடன்தகவல் கம்பெனிகள் நான்கும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நாம் வாங்காத கடன் ஏதேனும் முளைத்திருந்தால் அதில் தெரியும். பணமே போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். பணம் கணக்குக்குக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும் முதல் சில மணி நேரத்துக்குள்தான் அதை வழிமறிக்க முடியும். வங்கியும் வாடிக்கையாளரும் தவறாமல் மூன்றாமவரால் நேர்ந்த மின்னணு மோசடியை மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே விதித்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு, பிறர் அடையாளத்தைக் கபடமாகப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது.

இத்தனை காவலையும் சாமானியன் தலையில் ஏற்றுவது நியாயமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமில்லை என்பதே என் எண்ணம். பெயரைச் சாவியாக ஏற்றுக்கொண்டு கதவைத் திறந்துவிடுபவர் எவரோ, அவரே நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்று சட்டம் உறுதியாகச் சொல்லும் நாளில், கேள்விகள் தாமே மாறிவிடும்.

தமயந்தி கண்ட சோதனையையும் இந்நாளில் கணினிக்குக் கற்பித்திருக்கிறார்கள். 2018-இல் நியூயார்க் ராஜ்யத்து ஆல்பனி பல்கலைக்கழகத்தில் ஸிவெய் லியூ என்பவரும் அவர் குழுவினரும், காணொளிகளில் கணினி புனைந்த போலி முகங்கள் மனிதரைப்போல் இயல்பாக இமைப்பதில்லை என்று கண்டு, இமைப்பைக் கொண்டு போலியைப் பிரிக்கும் முறையை வெளியிட்டார்கள். புனைந்த முகங்களை அவை பயின்ற படங்களே கெடுத்தன. கண்மூடிய நிலையில் எடுத்த தம் படத்தை வெளியிடுபவர் அரிதல்லவா? ஆனால் கட்டுரை வெளிவந்த சிறிது காலத்திலேயே போலி முகங்களும் இமைக்கக் கற்றுக்கொண்டன. தேவர்கள் முன்னெச்சரிக்கையாக இமைத்திருந்தால் தமயந்தி மாலையையும் பாதத்தையும் பார்த்திருப்பாள். ஒரே லட்சணத்தை நம்பி அவள் மண்டபத்துக்கு வரவில்லை.

சென்ற நவம்பரில் என் அண்டை வீட்டுப் பெரியவர், பென்ஷனுக்காக வருஷந்தோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றைக் கைப்பேசியிலேயே முகம் காட்டிக் கொடுத்துவிடலாம் என்று கேள்விப்பட்டு, பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். திரையில் வட்டம் ஒன்று தோன்றிக் கண்ணை இமைக்கும்படி கேட்டது. பெரியவரோ ஸ்டூடியோவில் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் படம் பிடித்த காலத்து மனிதர். படமென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழித்த கண் விழித்தபடி இருக்க வேண்டுமென்று இளமையில் கற்றவர். மூன்று முறை இயந்திரம் அவரை ஏற்க மறுத்தது.

"தாத்தா, கொட்டக் கொட்ட முழிக்காதீங்க," என்றான் பேரன். "ஒரு தரம் கண்ணை மூடித் திறங்க."

கண்புரை சிகிச்சைக்குப் பிறகு அணிந்திருந்த கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக ஒரு முறை இமைத்தார். வட்டம் பச்சையாயிற்று.